செய்தி வருவதற்கு முன் விலை எதை நம்புகிறது?

பல நாடுகளில் வாங்கிப் பல நாடுகளில் விற்கும் ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் நெடுங்காலம் அந்நியச் செலாவணியைக் கவனித்துவந்தேன். சந்தையில் லாபம் பார்ப்பது எங்கள் வேலை அல்ல. மூன்று மாதம் கழித்து வரவேண்டிய டாலரும் ஆறு மாதம் கழித்துக் கட்டவேண்டிய பவுண்டும் இடையில் வரும் தேர்தலிலோ போரிலோ வட்டி முடிவிலோ கரைந்துவிடாமல் காப்பதுதான் வேலை. உலகத்தையே புரட்டிப்போட்ட செய்திகள் பலவற்றை நான் தொலைக்காட்சியில் பார்த்ததைவிட விலைத் திரையில் பார்த்ததே அதிகம்.

என் தொழிலை அறிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இந்தத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள்? வட்டியைக் குறைப்பார்களா? போர் மூண்டால் தங்கம் ஏறுமா? எல்லாமே நிகழ்வைப் பற்றிய கேள்விகள். எங்கள் பிரிவில் இந்தக் கேள்விகளுக்கு இரண்டாம் இடம்தான். முதலில் கேட்பது வேறு: இன்றைய விலை எதை நம்பிக்கொண்டிருக்கிறது? அந்த நம்பிக்கை பொய்த்தால் யாருக்கு வேறு வழியே இல்லாமல் விற்கவேண்டி வரும்? நிகழ்வைச் சரியாகக் கணித்தும் பணத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காததுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

2022இல் வந்த இரண்டு பணவீக்க அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நுகர்வோர் விலை அறிக்கை நியூயார்க் நேரப்படி காலை 8.30 மணிக்கு வெளியாகும். செப்டம்பர் 13 அன்று வந்த அறிக்கை ஆண்டுப் பணவீக்கம் 8.3 சதவீதம் என்றது. அதற்கு முந்தைய மாதம் 8.5. அதாவது பணவீக்கம் குறைந்திருந்தது. ஆனால் அன்று அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு 4.3 சதவீதம் சரிந்தது. நவம்பர் 10 அன்று வந்த அறிக்கை 7.7 சதவீதம் என்றது. அதுவும் சாதாரண மக்களை வாட்டும் பணவீக்கம்தான். அன்று அதே குறியீடு 5.5 சதவீதம் ஏறியது. செப்டம்பரில் 8.1 வரும் என்று சந்தை எதிர்பார்த்திருந்தது. நவம்பரில் 8ஐ ஒட்டி வரும் என்று எதிர்பார்த்திருந்தது. எண் எவ்வளவு என்பதைவிட, எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே இரண்டு நாட்களையும் தீர்மானித்தது. கூடவே, அந்த விலகல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அடுத்த வட்டி முடிவை எந்தப் பக்கம் தள்ளும் என்பதும்.

அறிக்கை நாளுக்கு முந்தைய மாலையில் எங்கள் பிரிவில் ஒரு தாள் தயாராகும். முதல் கட்டத்தில் சென்ற மாத எண். அடுத்ததில் பொருளாதார ஆய்வாளர்களின் நடுக் கணிப்பு. அதற்கடுத்து, அந்தக் கணிப்புகளிலேயே மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும். இந்த மூன்றாவது கட்டத்தைப் பலர் பார்ப்பதில்லை. எல்லா ஆய்வாளர்களும் 8.0க்கும் 8.2க்கும் நடுவில் நெருங்கி நின்றிருந்தால், 8.3 என்ற எண் பேரிடி. கணிப்புகள் 7.8 முதல் 8.4 வரை பரவியிருந்தால் அதே 8.3 யாரையும் அதிரவைக்காது. நான்காவது கட்டத்தில் வட்டி விகித முன்பேர ஒப்பந்தங்கள் (பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசிக்கொள்பவை) ஃபெடரல் ரிசர்வின் அடுத்த கூட்டத்தில் எவ்வளவு உயர்வை எதிர்பார்க்கின்றன என்பது. கடைசிக் கட்டத்தில், எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்பது. அமெரிக்காவின் பண்டக முன்பேர வணிக ஆணையம், செவ்வாய்க்கிழமை நிலவரப்படி யார் எவ்வளவு வாங்கியும் விற்றும் வைத்திருக்கிறார்கள் என்பதை வெள்ளிதோறும் வெளியிடும். இலவசமாகக் கிடைக்கும் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்தாலே, எல்லோரும் படகின் ஒரே ஓரத்தில் போய் அமர்ந்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

அந்தக் கடைசிக் கட்டம் ஏன் முக்கியம் என்பதை அதே ஆண்டு அக்டோபர் 13 நன்றாகக் காட்டியது. அன்றும் பணவீக்கம் எதிர்பார்ப்பைத் தாண்டியே வந்தது. சந்தை திறந்ததும் 2 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. பிறகு திரும்பி ஏறி 2.6 சதவீத உயர்வில் முடிந்தது. செய்தி மாறவில்லை, யாரும் புதிதாக எதையும் சொல்லவில்லை. செப்டம்பரில் சூடுபட்டவர்கள் இந்த முறை விலை இறங்கினால் பணம் தரும் பாதுகாப்பு ஒப்பந்தங்களை முன்கூட்டியே வாங்கிவைத்திருந்தார்கள் என்பதும், விலை இறங்கியதும் அதை விற்று லாபத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதும் அந்தத் திருப்பத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. பயப்படவேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பயந்து முடித்திருந்தால், கெட்ட செய்திக்குப் பிறகு விற்க ஆள் இருக்காது.

அரசியல் நிகழ்வுகள் வேறு இனம். பணவீக்க அறிக்கையில் எண் சற்று முன்னே பின்னே வரும். வாக்கெடுப்பில் இரண்டே முடிவுகள்தான்; நடுவில் ஒன்றும் கிடையாது. 2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று வாக்களித்தது. வாக்குப்பதிவு முடிந்த நேரத்தில் பவுண்டு 1.50 டாலரைத் தொட்டது. பந்தயச் சந்தைகள் நீடிப்போர் பக்கமே உறுதியாக நின்றன. இங்கிலாந்தில் முதலில் நியூகாசில் முடிவு வந்தது. நீடிப்போர் வென்றார்கள், ஆனால் 50.7 சதவீதத்தில். அந்த நகரத்தில் அவர்கள் பெரிய இடைவெளியில் வெல்வார்கள் என்பது கணிப்பு. வென்ற பக்கத்தைத்தான் செய்தி சொன்னது. இடைவெளி சுருங்கியதைப் பார்த்தவர்கள் பவுண்டை விற்கத் தொடங்கிவிட்டார்கள். சற்று நேரத்தில் சண்டர்லாந்து வந்தது: வெளியேறுவோருக்கு 61.3 சதவீதம். நிமிடங்களில் பவுண்டு பல சென்ட் விழுந்தது. விடிவதற்குள் 1.33க்குக் கீழே போய்விட்டது. 1985க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்த விலை அதுவே.

அந்த இரவில் திரையில் என் கண் விலையின் மீது இல்லை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இருந்த தூரத்தின் மீது இருந்தது. சாதாரண நாட்களில் பவுண்டு–டாலருக்கு அந்த இடைவெளி நான்காவது தசமத்தில் ஓரிரு புள்ளிதான். சண்டர்லாந்துக்குப் பிறகு அது விரிந்து சுருங்கி, மறுபடி விரிந்தது. வங்கியின் டீலரிடம் விலை கேட்டால், அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த விலை பழசாகியிருந்தது. திரையில் ஒளிரும் எண்ணில் உண்மையில் பணம் மாற்ற முடியும் என்று நம்புகிறவர்கள் இப்படி ஒரு இரவைப் பார்க்கவேண்டும். நல்லவேளையாக எங்களுக்கு அன்று செய்யவேண்டியது எதுவும் இல்லை. வரவேண்டிய பவுண்டில் பாதியை முந்தைய வாரங்களிலேயே, பின்னாளில் மாற்றும் விலையை முன்பே உறுதிசெய்யும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் பூட்டிவிட்டோம். மீதியில் ஒரு பகுதிக்கு ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் விற்கும் உரிமை, வாங்கியிருந்தோம். அதன் விலை வழக்கத்தைவிட மிக அதிகம் என்று நிர்வாகத்தில் முணுமுணுப்பு இருந்தது. நிகழ்வு நெருங்க நெருங்கப் பாதுகாப்பின் விலை ஏறத்தான் செய்யும். ஆகவே வாங்குவதாக இருந்தால் ஊரே பேசத் தொடங்குவதற்கு முன்பு வாங்கவேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதே எங்கள் திட்டத்தின் நோக்கம். அது நிறைவேறியது.

அதற்குப் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். பிரிட்டனின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஃப்டிஎஸ்இ 100 குறியீடு மறுநாள் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் சரிந்தது. ஒரு வாரத்துக்குள் வாக்கெடுப்புக்கு முந்தைய மட்டத்தைத் தாண்டிவிட்டது. அந்த நிறுவனங்கள் வருவாயில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் டாலரிலும் யூரோவிலும் ஈட்டுகின்றன. பவுண்டு மலிந்தால், திரும்பி வரும் வருவாய் பவுண்டுக் கணக்கில் பெருகும். உள்நாட்டை நம்பியிருக்கும் நடுத்தர நிறுவனங்களின் எஃப்டிஎஸ்இ 250 குறியீடோ அதே நாளில் 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வெளியேறுவோர் வெல்வார்கள் என்று சரியாகக் கணித்து, அதனால் பிரிட்டன் பங்குகள் எல்லாம் விழும் என்று எண்ணிப் பெரிய நிறுவனப் பங்குகளை விற்றவருக்கு ஒரு வாரத்தில் கை சுட்டிருக்கும்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல். டிரம்ப் முன்னிலை பெறுகிறார் என்று தெரிந்ததும் எஸ் அண்ட் பி முன்பேர ஒப்பந்தங்கள் இரவோடு இரவாக 5 சதவீதம் விழுந்து, அனுமதிக்கப்பட்ட வரம்பை முட்டி நின்றன. மறுநாள் மாலை குறியீடு 1 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து முடிந்தது. வரிக் குறைப்பு, அரசுச் செலவு என்று சந்தை வேறு கதையைப் படிக்கத் தொடங்கியிருந்தது. தேர்தல் முடிவை முதல் நாளே யாராவது காதில் சொல்லியிருந்தால்கூட அதை வைத்துச் சரியாக வணிகம் செய்திருப்பேனா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் தேர்தலுக்கு முன் "இவர் வந்தால் இதை வாங்குங்கள்" என்று பட்டியல் போடுபவர்களை நம்பிச் சேமிப்பை மாற்றவேண்டாம் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

இனி, விலையே காணாமல் போன நாளுக்கு வருகிறேன். சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பரில், ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று ஒரு வரம்பை அறிவித்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் அந்த வரம்பைக் கைவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்புகூட வங்கியின் துணைத் தலைவர் அந்த வரம்பே கொள்கையின் அடித்தளம் என்ற பொருளில் பேசியிருந்தார். அறிவிப்பு வந்த நிமிடங்களில் ஃபிராங்கின் மதிப்பு 30 சதவீதம் வரை எகிறியது. பிறகு ஒரு யூரோவுக்கு ஒரு ஃபிராங்க் என்ற நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. 1.1950இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்கள், நட்டம் அங்கேயே நின்றுவிடும் என்று நிம்மதியாக இருந்தார்கள். அந்த விலையில் வாங்க யாரும் இல்லை. அதற்குக் கீழேயும் வெகுதூரத்துக்கு யாரும் இல்லை. கணக்கில் போட்ட பணம் முழுவதும் போய், மேற்கொண்டு தரகருக்குக் கடன்பட்டவர்களும் இருந்தார்கள். பிரிட்டனில் ஒரு செலாவணித் தரகு நிறுவனம் மறுநாளே திவாலானது.

ஸ்டாப் லாஸ் என்பது அந்த விலையில் விற்றுத் தருகிறோம் என்ற உறுதிமொழி அல்ல. அந்த விலையைத் தொட்டதும், கிடைக்கும் விலைக்கு விற்கச் சொல்லும் ஆணை மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமைதியான நாட்களில் தெரியாது. ஆகவே எதையாவது வாங்கும்போதோ விற்கும்போதோ நான் பார்க்கும் கணக்கு, ஸ்டாப் எங்கே என்பதல்ல. இந்த விலை ஒரே நாளில் 20 சதவீதம் எனக்கு எதிராகப் போய், நடுவில் எங்கும் வெளியேற முடியாவிட்டால் நான் நிற்பேனா, மாட்டேனா என்பதுதான். கடன் வாங்கி, தாம் போட்ட பணத்தைப்போல் இருபது, முப்பது மடங்கு தொகையில் வணிகம் செய்பவருக்கு இதற்குப் பதில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அரசோ மத்திய வங்கியோ கையால் தாங்கிப் பிடிக்கும் எந்த விலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மாதக்கணக்கில் அசையாமல் இருப்பது பாதுகாப்பின் அடையாளம் அல்ல. உள்ளே அழுத்தம் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

கட்டாயத்தின் பேரில் விற்பவர்களைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். பெரிய சரிவுகளின் வேகத்தை விளக்குவது செய்தி அல்ல, இவர்கள்தான்.

2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் குவாசி குவார்டெங், வருவாய்க்கு வழி காட்டாமல் பெரிய வரிக் குறைப்புகளை அறிவித்தார். அரசு நிறையக் கடன் வாங்கவேண்டி வரும் என்று பத்திரச் சந்தை கணக்குப் போட்டது. பத்திர விலை இறங்கினால் அதன் வருவாய் விகிதம் ஏறும். 30 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வருவாய் சில நாட்களில் ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் ஏறி 5 சதவீதத்தைத் தாண்டியது. செப்டம்பர் 26 அன்று பவுண்டு 1.04 டாலருக்கும் கீழே, வரலாறு காணாத தாழ்நிலையைத் தொட்டது. வரிக் குறைப்பு அறிவிப்பு மட்டுமே இவ்வளவு வேகத்தைத் தந்திருக்காது. பிரிட்டனின் ஓய்வூதிய நிதிகள் பல, வருங்காலத்தில் கொடுக்கவேண்டிய ஓய்வூதியத்துக்கு ஈடாக நீண்டகாலப் பத்திரங்களைக் கடன் வாங்கிய பணத்திலும் வைத்திருந்தன. பத்திர விலை இறங்கியதும், கடன் கொடுத்தவர்கள் கூடுதல் ஈடு கேட்டார்கள். ஈடுகட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு எதை விற்பது? கையில் இருக்கும் பத்திரத்தைத்தான். விற்க விற்க விலை இன்னும் இறங்கியது. இறங்க இறங்க இன்னும் ஈடு கேட்டார்கள். பத்திரத்தின் மீது நம்பிக்கை இழந்து விற்றவர்கள் அல்ல அவர்கள். அன்றைக்குள் பணம் கட்டியாகவேண்டியவர்கள்.

செப்டம்பர் 28 அன்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து நீண்டகாலப் பத்திரங்களை வாங்குவதாக அறிவித்தது. 65 பில்லியன் பவுண்டு வரை வாங்கத் தயார் என்றது. அந்த ஒரே நாளில் 30 ஆண்டு வருவாய் ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி இறங்கியது. கடைசியில் வங்கி உண்மையில் வாங்கியது 19.3 பில்லியன் பவுண்டுக்குத்தான். வாங்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததுமே சுழல் நின்றுவிட்டது. அக்டோபர் 14 அன்று குவார்டெங் பதவி இழந்தார், 20 அன்று பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அரசியல் சந்தையை அசைத்தது. சந்தை திரும்ப வந்து அரசியலை அசைத்தது. இப்படி இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்த வேறொரு மாதத்தை நான் பார்த்ததில்லை.

2020 மார்ச்சிலும் இதுவே நடந்தது, உலக அளவில். கொரோனா அச்சத்தில் பங்குகள் விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் மார்ச் 9 அன்று அவுன்சுக்கு 1,700 டாலரைத் தொட்ட தங்கம் ஒரே வாரத்தில் 1,500க்குக் கீழே விழுந்தது. உலகிலேயே பாதுகாப்பானதாகக் கருதப்படும் அமெரிக்க அரசுப் பத்திரங்களையும் விற்றார்கள். எதை விற்க விருப்பமோ அதை அல்ல, எதை விற்க முடியுமோ அதை விற்றார்கள். நெருக்கடியில் தங்கம் கைகொடுக்கும் என்பது நீண்டகாலக் கணக்கில் சரியாக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரொக்கம் தேவைப்படும் வாரத்தில் அதை நம்பி வாடகை கட்டத் திட்டமிடக் கூடாது.

2024 ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் நிக்கேய் குறியீடு 12.4 சதவீதம் விழுந்தது. 1987க்குப் பிறகு மிகப் பெரிய ஒருநாள் சரிவு. வெளிப்படையாகத் தெரிந்த காரணங்கள் சிறியவை. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. இரண்டு நாள் கழித்து அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாக வந்தது. ஆனால் உலகமெங்கும் மலிவான யென்னைக் கடன் வாங்கி மற்ற நாடுகளில் முதலீடு செய்தவர்கள் ஏராளம். யென் வேகமாக ஏறியதும் அவர்களுடைய கடன் சுமை ஏறியது. எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். மறுநாளே நிக்கேய் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஒரே இரவில் ஜப்பான் நிறுவனங்களின் மதிப்பு அப்படி மாறியிருக்க முடியாது. சரிந்த நாளில் விற்றவர் உண்மையில் வேறொருவரின் கடன் பிரச்சினைக்குத் தம் பங்குகளைக் கொடுத்து உதவியிருக்கிறார்.

போர் என்றால் எண்ணெய் ஏறும் என்பது பாதி உண்மை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்ததும் கச்சா எண்ணெய் ஏறத்தாழ இருமடங்கானது. 1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டணி குண்டுவீச்சைத் தொடங்கியது. அன்று எண்ணெய் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அச்சம் மாதக்கணக்கில் விலையில் ஏறியிருந்தது; போர் தொடங்கியதும் சவூதி அரேபியாவின் எண்ணெய்க்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் இறங்கிவிட்டது. 2019 செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டு அந்நாட்டு உற்பத்தியில் பாதி நின்றபோது, உலக விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய், சந்தை திறந்ததும் 20 சதவீதம் வரை எகிறியது. சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த நாளில் அமெரிக்கப் பங்குகள் காலையில் விழுந்து மாலையில் ஏற்றத்தில் முடிந்தன. பிரென்ட் மார்ச் தொடக்கத்தில் 139 டாலரைத் தொட்டு, ஆண்டு முடிவில் போருக்கு முந்தைய விலைக்கும் கீழே, 86 டாலரை ஒட்டி நின்றது.

ஆனால் ஐரோப்பாவின் இயற்கை எரிவாயு அப்படித் திரும்பிவிடவில்லை. போர் தொடங்கி ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில்தான் அது மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டி உச்சத்துக்குப் போனது. கப்பலில் ஏறும் எண்ணெய் ஒரு நாட்டுக்குப் போகாவிட்டால் இன்னொரு நாட்டுக்குப் போகும். அந்த நாடு முன்பு வாங்கியது முதல் நாட்டுக்கு வரும். குழாயில் வரும் எரிவாயுவைத் திருப்பிவிட முடியாது. மாற்று முனையங்கள் கட்ட மாதங்கள் வேண்டும். ஆகவே போர்ச் செய்தி வந்தால் நான் கேட்பது ஒன்றே: எந்தப் பொருள் உண்மையில் வராமல் நிற்கும், அதற்குப் பதில் வேறு வழியில் எவ்வளவு காலத்தில் வரும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத ஏற்றங்கள் பெரும்பாலும் அச்சத்தின் ஏற்றங்கள். அவை வந்த வேகத்தில் போகும்.

செய்தி வந்ததும் பலரும் பங்குக் குறியீட்டைத்தான் பார்க்கிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள் என்பது என் யோசனை. முதலில் அமெரிக்க 2 ஆண்டுப் பத்திரத்தின் வருவாய்: மத்திய வங்கி அடுத்து என்ன செய்யும் என்ற கணிப்பு அதில் உடனே தெரியும். பிறகு 10 ஆண்டுப் பத்திரம், டாலர், எண்ணெய். இவை நான்கும் ஒரே கதையைச் சொன்னால் பங்குகளின் அசைவை நம்பலாம். முரண்பட்டால் காத்திருக்கவேண்டும். 2011 ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் கடன் தரத்தைக் குறைத்தது. தரம் குறைந்த பத்திரத்தை விற்பார்கள் என்றுதானே நினைப்போம்? அடுத்த திங்கட்கிழமை பங்குகள் 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தன, தரம் குறைக்கப்பட்ட அதே பத்திரங்களை மக்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். பயந்தால் ஒதுங்க வேறு இடம் இல்லை என்பது அன்றைய நிலை.

2025 ஏப்ரலில் இது மாறித் தெரிந்தது. ஏப்ரல் 2 அன்று டிரம்ப் இறக்குமதி வரிகளை அறிவித்தார். அடுத்த இரண்டு நாட்களில் எஸ் அண்ட் பி 500 சுமார் 10 சதவீதம் இழந்தது. வழக்கம்போல் முதலில் பத்திரங்களை வாங்கினார்கள். அடுத்த வாரத்தில் பத்திரமும் இறங்கியது, டாலரும் இறங்கியது. பங்கு, பத்திரம், டாலர் மூன்றும் சேர்ந்து விழுவது வளரும் நாடுகளின் நெருக்கடிகளில் பார்த்த காட்சி, அமெரிக்காவில் அரிது. ஏப்ரல் 9 அன்று பெரும்பாலான நாடுகளுக்கான கூடுதல் வரிகள் 90 நாள் தள்ளிவைக்கப்பட்டன. பத்திரச் சந்தையைக் கவனித்துக்கொண்டிருந்ததாக அதிபரே அன்று சொன்னார். குறியீடு ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 7 அன்று, இதே 90 நாள் தள்ளிவைப்பு பற்றித் தவறான தகவல் ஒன்று பரவி, சந்தை நிமிடங்களில் ஏறி, வெள்ளை மாளிகை மறுத்ததும் நிமிடங்களில் இறங்கியது. 2013 ஏப்ரலில் ஒரு செய்தி நிறுவனத்தின் சமூக ஊடகக் கணக்கை ஊடுருவி, வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு என்று பொய் எழுதியபோதும் இதே கூத்து. தலைப்பைப் படித்து வாங்கி விற்கும் கணினி நிரல்களோடு வேகத்தில் போட்டியிட ஒரு தனி மனிதரால் முடியாது, தேவையும் இல்லை. இரண்டாவது நம்பகமான இடத்தில் அதே செய்தி வரும்வரை காத்திருப்பதால் ஒரு சேமிப்பாளர் இழப்பது மிகக் குறைவு.

வேலையை விட்டு வந்த பிறகு என் சொந்தச் சேமிப்புக்கும் இந்தப் பழக்கங்களையே வைத்திருக்கிறேன். அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் பணம் பங்குகளில் இல்லை. இது மிக எளிய விதி. ஆனால் கட்டாயத்தின் பேரில் விற்கும் கூட்டத்தில் நான் சேராமல் இருப்பதற்கு இதுவே காரணம். 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை எஸ் அண்ட் பி 500 மூன்றில் ஒரு பங்கை இழந்தது. ஆகஸ்ட் 18 அன்று புதிய உச்சத்தில் முடிந்தது. அந்த மீட்சி அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்னொரு முறை அவ்வளவு வேகமாக மீளும் என்று சொல்வதற்கும் இல்லை. காத்திருக்க வசதி இருந்தவர்கள் மட்டுமே அதைப் பெற்றார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். எதையும் வாங்கும் முன் ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் அந்தக் காரணம் செல்லாது என்று இரண்டு வரி எழுதிவைக்கிறேன். விலை இறங்குவதை மட்டும் காரணமாக ஏற்பதில்லை.

மத்திய வங்கிகளைப் பொறுத்தவரை, அவர்கள் செய்வதைவிடச் சொல்வதை உற்றுக் கேளுங்கள். 2013 மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, வரும் கூட்டங்களில் பத்திரம் வாங்குவதன் வேகத்தைக் குறைக்கக்கூடும் என்று நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். ஒரு சொல்தான். உண்மையில் குறைப்பதாக அறிவித்தது டிசம்பரில். அதற்குள் 10 ஆண்டுப் பத்திர வருவாய் 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்தை எட்டியிருந்தது. வளரும் நாடுகள் பலவற்றின் நாணயங்கள் அடி வாங்கியிருந்தன.

வெளிநாட்டுப் படிப்புக் கட்டணம் கட்டவோ, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மாற்றவோ நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெடரல் ரிசர்வ் ஆண்டுக்கு எட்டு முறை கூடும். தேதிகள் முன்பே அறிவிக்கப்படும். முடிவு நியூயார்க் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு வரும், தலைவரின் பேட்டி 2.30க்குத் தொடங்கும். இரண்டு மணிக்கு ஒரு பக்கம் பாய்ந்த டாலர், பேட்டியின் நடுவில் மறுபக்கம் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கூட்டங்களில் உறுப்பினர்களின் வட்டிக் கணிப்புகளும் சேர்ந்து வருவதால் அசைவு இன்னும் அதிகம். அந்த நாட்களில் பெரிய தொகையை மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போட முடியாது என்றால் முந்தைய நாளே பாதியை மாற்றிவிடுங்கள்; மீதியை மறுநாள் காலை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பழைய அளவுக்குச் சுருங்கிய பிறகு மாற்றுங்கள்.